இரண்டாவது லொறி வராமல் முற்றத்துக்குப் புல் வாங்குவது எப்படி

வீடு கட்டி முடித்தவர்கள் கடைசியாகக் கைவைக்கிற இடம் முற்றம். அதற்குள் காசும் தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும், அதனால் புல்லுக்கு ஒரு குத்துமதிப்புக் கணக்குச் சொல்லிவிட்டு லொறியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். நான் செய்ததும் அதுதான். திருகோணமலையில் எங்கள் உப்புவெளி வளவு உறுதியில் 12 பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடி, ஆகவே மொத்தம் 3,264. அதில் வீட்டைக் கழித்து, பின்வளவைக் கண்ணளவில் கழித்து, 800 என்று ஒரு எண்ணுக்கு வந்து, துண்டுக்கு ஒரு சதுர அடி என்று மண்ணோடு வெட்டிய புல் 800 துண்டு சொன்னேன். புல் இறங்கிய அன்று பின்னேரம் நாலரை மணிக்கு எல்லாம் முடிந்துபோனது. முன்பக்கம் முழுக்கப் பச்சை, வீட்டின் பக்கவாட்டில் நாற்பது அடி நீளத்துக்கு வெறும் மணல்.

மிச்சத்துக்கு மறுபடி பேசியபோதுதான் தெரிந்தது, புல்லின் விலை பெரிய விஷயமே இல்லை. எனக்கு வந்த புல் குருநாகல் பக்கத்திலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஏ6 வீதி நெடுக ஓடி வந்தது. 800 துண்டுக்கும் அந்தக் கூலிதான், 300 துண்டுக்கும் அந்தக் கூலிதான். போதாததற்கு இரண்டாவதாக வந்த புல் வேறு பாத்தியில் வெட்டியது, நிறம் ஒத்துப்போகப் பல மாதம் எடுத்தது. அதனால் உறுதியையும் பிளானையும் அலமாரியில் வைத்துவிட்டு நாடாவை எடுங்கள்.

100 அடி நாடா ஒன்றும் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆளும் வேண்டும். ஒரு தாளில் முற்றத்தை மேலிருந்து பார்த்த மாதிரி கிறுக்கிக்கொள்ளுங்கள், அழகு தேவையில்லை. அளப்பது மதிலின் உள்முகத்திலிருந்து, எல்லைக் கல்லிலிருந்து அல்ல. முற்றத்தை நீள்சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் பிரித்துக்கொண்டால் எந்தக் கோணல் வளவும் அடங்கும். நம் ஊரில் நாலு மூலையும் மூலைமட்டத்துக்கு நிற்கிற காணி அபூர்வம், ஆகவே எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் அளந்து நடுத்தொகையை எடுங்கள். எங்கள் முன்பக்கம் ஒரு பக்கம் 31 அடி, எதிர்ப்பக்கம் 33, அதை 32 என்று வைத்தேன். ஆழம் 24. பெருக்கினால் 768. வீட்டின் பக்கவாட்டில் உள்ள ஒடுங்கிய இடம் 40 அடிக்கு 6, அது 240. வீதி சரிவாக வெட்டிக்கொண்டு போகிற மூலையில் ஒரு முக்கோணம், அடி 18, உயரம் 11, பெருக்கிப் பாதியாக்கினால் 99. இந்த உயரத்தைச் சாய்ந்த மதிலோடு வைத்து அளந்துவிடாதீர்கள், அடிப்பக்கத்துக்கு நேர் செங்குத்தாக அளக்க வேண்டும், நிறையப் பேர் தவறுவது இதில்தான். எல்லாம் கூட்டினால் 1,107 சதுர அடி.

பூப்பாத்தியை வளைத்து வைத்திருந்தால் தண்ணீர் ஹோஸை அந்த வளைவில் போட்டுவிட்டு, மூன்று அடிக்கு ஒருமுறை குறுக்கு அகலத்தை அளந்துகொண்டு போங்கள். 12 அடி நீளத்தில் 4, 5.5, 6, 5, 4 என்று வந்தால் சராசரி 4.9, அதை 12ஆல் பெருக்க கிட்டத்தட்ட 59. இதற்குமேல் நுணுக்கம் வேண்டாம். உவர்மலை மாதிரி சரிவில் வீடு என்றால் நாடா தரையோடு சரிவிலேயே கிடக்கட்டும். பிளானில் இருப்பது மட்டத்து அளவு, அது எப்போதும் குறைவாகத்தான் காட்டும்.

சரி, இனிக் கழித்தல், பூப்பாத்தி இருந்தால் அதுவும் இதில்தான் சேரும். கிணறும் அதைச் சுற்றிய சீமெந்துக் கட்டும் சேர்த்துக் குறுக்களவு 8 அடி, அப்படியென்றால் 4ஐ 4ஆல் பெருக்கி 3.14ஆல் பெருக்க 50. வாகனம் உள்ளே வர இரண்டு அடி அகலத்தில் இரண்டு பட்டி, நீளம் 24, அது 96. மாமரத்தைச் சுற்றி மூன்று அடிக்குப் புல் வைக்கவில்லை, அது 28. மொத்தம் 174 போக மிச்சம் 933. தண்ணீர்க் குழாயடி, மான்ஹோல் மூடி மாதிரி இரண்டு மூன்று சதுர அடிச் சமாச்சாரங்களைக் கழிக்க வேண்டாம். அவற்றைச் சுற்றி வெட்டுவதிலேயே அவ்வளவு புல் வீணாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் எந்த இடத்தில் புல் நிற்கும் என்றும் யோசியுங்கள், ஏனென்றால் நிற்காத இடத்துக்கு வாங்குவது காசை மணலில் கொட்டுவது. மலேசியன் புல் என்று விற்கிற அகல இலைப் புல் அரை நிழலைத் தாங்கும், ஆனால் தண்ணீர் கேட்கும். நம் அறுகு நேர்மாறு, வெயிலும் வறட்சியும் உப்பும் அதற்குப் பெரிதில்லை, நிழலில் மட்டும் மெலிந்துபோகும். நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் கடற்காற்று நேரே அடிக்கிற முற்றம் என்றால் நான் அறுகுப் பக்கம்தான் சாய்வேன். காசு கொடுக்காமலே பாதி முற்றத்தில் அது ஏற்கெனவே முளைத்துமிருக்கும்.

அடுத்தது என்னைக் கவிழ்த்த விஷயம். ஒரு துண்டு ஒரு சதுர அடி என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். இரண்டாவது லொறி வந்தபோது பத்துத் துண்டை மதிலோரம் வரிசையாக, இடைவெளி விடாமல் அடுக்கி நாடாவைப் போட்டேன். பத்து அடி வர வேண்டும். வந்தது 9 அடி 7 அங்குலம். அதாவது ஒரு துண்டு பதினொன்றரை அங்குலம். அரை அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் நீளத்திலும் குறைவு, அகலத்திலும் குறைவு. பதினொன்றரையைப் பதினொன்றரையால் பெருக்கி 144ஆல் வகுத்தால் 0.918. ஆயிரம் துண்டு வாங்கினால் கைக்கு வருவது 918 சதுர அடிதான். விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், ஈரத்தோடு வெட்டிய துண்டு வழியில் ஓரம் உதிர்ந்து காய்ந்து கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் ஓர்டர் கொடுக்கும்போதே துண்டின் அளவை அங்குலத்தில் கேளுங்கள், லொறி வந்ததும் முழுக்க இறக்குமுன் பத்தை அடுக்கி அளந்து பாருங்கள், குறைந்தால் அப்போதே பேசலாம். சிலர் சதுர மீற்றரில் விலை சொல்வார்கள். ஒரு சதுர மீற்றர் 10.76 சதுர அடி, அதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வெட்டி வீணாவதற்கும் சேர்க்க வேண்டும். நேர் கோடுகளாலான முற்றத்துக்கு நூற்றுக்கு 5 போதும், வளைவும் பாத்தியும் நிறைந்ததற்கு 10. நான் 8 என்று வைத்துப் பார்க்கிறேன். 933க்கு 8 வீதம் கூட்ட 1,007 சொச்சம், அதை 0.918ஆல் வகுக்க 1,097. ஆகவே 1,100 துண்டு. நான் முதலில் சொன்னது 800. அதற்குமேல் "இருக்கட்டுமே" என்று இன்னும் இருநூறு சொல்லாதீர்கள். இந்த வெயிலில் அடுக்கி வைத்த புல் இரண்டு நாளில் உள்ளே அவிந்து மஞ்சளாகிவிடும்.

மண்ணையும் இதே அளவிலிருந்து கணக்குப் பண்ணலாம். எங்கள் பக்கத்து மணலில் தண்ணீர் நிற்காது, ஆகவே புல்லுக்குக் கீழே இரண்டு அங்குலமாவது மேல்மண் வேண்டும். 933 சதுர அடிக்கு இரண்டு அங்குலம் என்றால் 155 கன அடி, ஒரு கியூப் 100 கன அடி, ஆக ஒன்றரைக்குச் சற்று மேல். தண்ணீர் விட்டதும் மண் அமுங்கும், அதனால் இரண்டு கியூப் இறக்கி, உக்கிய மாட்டெருவையும் கலந்து மட்டம் பிடித்தேன். நடைபாதையை விட ஒரு அங்குலம் தாழ்வாக விடுங்கள், புல் வைத்ததும் சமமாகிவிடும்.

காசு முட்டுப்பட்டால் முழுத்தரையையும் மூட வேண்டிய கட்டாயம் இல்லை. மலேசியன், அறுகு இரண்டு புல்லுமே கொடியோடிப் பரவுகிற சாதி. துண்டை ஆறங்குலச் சதுரங்களாக நாலாக வெட்டி, சதுரங்கப் பலகை மாதிரி ஒன்று விட்டு ஒன்று வைத்தால் பாதிப் புல் போதும். இன்னும் சிக்கனமாக, மூன்று அங்குலத் துண்டாக வெட்டினால் ஒன்றிலிருந்து பதினாறு கிடைக்கும். அவற்றை அடிக்கு ஒன்றாக நட்டால் எங்கள் முற்றத்துக்கு எண்பது துண்டு தாராளம், ஓட்டோவிலேயே ஏற்றி வந்துவிடலாம். ஆனால் புல் மூடும்வரை இடைவெளியில் கோரைக்கிழங்கு உங்களை நிம்மதியாக விடாது, தினமும் குனிந்து பிடுங்கத் தயாரென்றால் மட்டும் இந்த வழி.

எப்போது இறக்குவது? ஐப்பசியில் முதல் மழை இரண்டு மூன்று பெய்து தரை நனைந்ததும். கார்த்திகை அடைமழைக்குள் மாட்டினால் போட்ட மேல்மண் கேற்றடிக்கு வந்துவிடும், யூன் யூலையில் கச்சான் காற்று அடிக்கும்போது வைத்தாலோ கிணறு வற்றும்வரை இறைத்தாலும் ஓரங்கள் கருகும். லொறி வருவதை விடியற்காலைக்குப் பேசிக்கொள்ளுங்கள், வந்த அன்றே வைத்து முடிக்க வேண்டும். காத்திருக்கிற துண்டுகளை நிழலில் வைத்து ஈரச் சாக்கால் மூடுங்கள். நீளமான நேர் மதிலில் தொடங்கி, செங்கல் கட்டுவது போல மூட்டுக்கு மூட்டு மாற்றி, நெருக்கி வையுங்கள். வெட்டின துண்டுகளை எறியாமல் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டால் அந்த 8 வீதத்தில் கொஞ்சம் மிஞ்சும்.

அன்று இரவு கேற்றைக் கட்டாயம் பூட்டுங்கள். கோட்டைப் பக்கத்து வீடுகளுக்கு மான் வரும் என்று சொல்வார்கள், எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, தெருமாடுதான். மிஞ்சிய பதினைந்து இருபது துண்டைக் கிணற்றடி ஈரத்தில், மண்ணில் பதித்தே வைத்திருங்கள். மூன்றாம் கிழமை அளவில் எது பிடித்தது, எது காய்ந்தது என்று தெரிந்துவிடும், காய்ந்ததைப் பெயர்த்துவிட்டு இவற்றை வைக்கலாம். எனக்குப் பதினொன்று மாற்ற வேண்டி வந்தது, அதில் நாலு மாடு மிதித்தது.