வாசனை ஸ்க்ரப் சோப்பு: முதல் சில குளியல்களில் செய்யும் தவறுகள்

கையால் செய்த சோப்பு புதிதாகக் கிடைத்தால் எல்லோரும் முதலில் முகர்ந்துதான் பார்க்கிறோம். அதில் தவறில்லை. அங்கேயே தீர்ப்பையும் எழுதிவிடுகிறோம், அதுதான் சிக்கல். மூக்கு நொடியில் பதில் சொல்லிவிடும். தோல் இரண்டு மூன்று நாள் கழித்து, சில சமயம் சில வாரம் கழித்துத்தான் வாயைத் திறக்கும்.

ஸ்க்ரப் சோப்பில், அதாவது தோலைத் தேய்க்கத் துகள் கலந்த சொரசொரப்பான சோப்பில், இந்த ஏமாற்றம் இரட்டிப்பு. புதுக் கட்டியின் மேற்பரப்பு பெரும்பாலும் வழவழவென்று இருக்கும். உள்ளே இருக்கும் துகள்கள் சோப்பு கரையக் கரையத்தான் தலைகாட்டும். முதல் குளியலில் "ஒன்றுமே தேயவில்லையே" என்று அழுத்தித் தேய்ப்பவர், நான்காவது குளியலிலும் பழக்கத்தில் அதே அழுத்தம் கொடுப்பார். அதற்குள் கட்டி உப்புத்தாள் மாதிரி ஆகியிருக்கும். அச்சில் ஊற்றும்போது கலவை நீர்த்திருந்தால் கனமான துகள்கள் அடியில் படிந்துவிடும். அதனால் ஒரே கட்டியின் ஒரு பக்கம் சாது, மறுபக்கம் முரடு. இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையில் உரசிப் பார்த்துவிட்டு உடம்புக்குக் கொண்டுபோங்கள்.

எந்தத் துகள் என்பதும் முக்கியம். பொடித்த ஓட்ஸ் ஈரம் பட்டதும் மெத்தென்று ஆகிவிடும். காபிச் சக்கை நடுத்தரம். வால்நட் ஓட்டுப் பொடியும் பியூமிஸ் என்ற எரிமலைக் கல்லின் பொடியும் எவ்வளவு ஊறினாலும் இளகாது. குதிகாலுக்கும் முழங்கைக்கும் சரி, கழுத்துக்கு வேண்டாம். முகத்துக்கு எந்த ஸ்க்ரப் கட்டியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று சிலர் செய்வதே தவறாகப் போகிறது. சோப்பைக் குழைத்து முழங்கை மடிப்பில் பூசி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுகிறார்கள். சோப்பு காரத்தன்மை உள்ளது. கையால் செய்த சோப்பின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேலே காரம், கீழே அமிலம்) பெரும்பாலும் 9 முதல் 10 வரை இருக்கும். தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டியது. அவ்வளவு நேரம் ஊறவிட்டால் எந்த நல்ல சோப்பும் சிவக்க வைக்கும். கழுவிவிடும் பொருளைக் கழுவித்தான் சோதிக்க வேண்டும். ஒரே இடத்தில் நுரையைத் தடவி, ஐந்து நிமிடம் வைத்து, அலசிவிடுங்கள். நாளுக்கு இரண்டு முறை, ஏழு முதல் பத்து நாள். பொறுமை வேண்டும்தான். பூசிய உடனே எரிந்தால் அது பெரும்பாலும் எரிச்சல். ஓரிரு நாள் கழித்து அரிப்பும் தடிப்பும் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். ஒவ்வாமை பல முறை பழகிய பிறகும் திடீரென்று முளைக்கும் என்பதால், "போன மாதம் ஒத்துக்கொண்டதே" என்ற வாதம் எடுபடாது.

"ரசாயன வாசனை இல்லை, இயற்கை எண்ணெய்தான்" என்று எழுதியிருந்தால் நிம்மதியாகிவிடுவது அடுத்த தவறு. லாவெண்டர் எண்ணெயில் லினலூல், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் லிமோனீன் என்று இயற்கையாகவே சில பொருள்கள் உண்டு. காற்று பட்டு ஆக்சிஜனோடு சேரச் சேர இவை ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் கழுவிவிடும் பொருள்களில் இவை 0.01 சதவீதத்தைத் தாண்டினால் பெயரை உறையில் அச்சிட வேண்டும். ஆகவே, வாசனைக்காக ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பொத்திவைத்த கட்டியை ஒரு நாள் எடுத்துக் குளிப்பது அவ்வளவு நல்ல யோசனை அல்ல. ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் சிக்கு நாற்றமும் வந்திருந்தால் உள்ளே எண்ணெய் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

தினமும் தேய்ப்பது வேண்டாம். தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரம் எடுக்கும்; நாம் அவசரப்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரண்டு. மாநிறத்தவரும் கறுப்பு நிறத்தவரும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: அதிகம் தேய்த்துப் புண்ணான இடம் ஆறினாலும் கருத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கருமை போகவேண்டும் என்று தேய்த்தே கருமையை வரவழைத்துக்கொள்பவர்கள் உண்டு.

சவரம் செய்த அன்று, வெயிலில் தோல் கன்றிய அன்று, சீழ்வைத்த பருவோ எக்ஸிமாவோ இருக்கும் இடத்தில், ரெட்டினாய்டு களிம்பு (பருவுக்கும் சுருக்கத்துக்கும் தரும் வைட்டமின் ஏ வகை மருந்து) போடும் காலத்தில் ஸ்க்ரப் சோப்பைத் தொடாதீர்கள். நான் ஒருமுறை கால் சவரம் செய்த கையோடு எலுமிச்சை வாசனைக் கட்டியைப் போட்டேன்; அன்று இரவு போர்வை பட்டால்கூட எரிந்தது.

குளித்ததும் தோல் "கிறீச்" என்றால் சுத்தம் என்று மகிழ வேண்டாம். எண்ணெய்ப் பசை அளவுக்கு மேல் போய்விட்டது என்பதன் சத்தம் அது; உப்புத்தண்ணீரில் குளித்தால் தோலில் படியும் சோப்புக் கசடும் அதே உணர்வைத் தரும். ஈரம் காய்வதற்குள் ஏதாவது மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

கடைசியாக, சோப்புப் பெட்டி. கையால் செய்த சோப்பில் கிளிசரின் பிரித்தெடுக்கப்படாமல் உள்ளேயே இருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். மூடிய பெட்டியில் வைத்தால் இரண்டே வாரத்தில் களியாகி, துகள்கள் தனியாக அடியில் கிடக்கும். தண்ணீர் வடியும் தட்டில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் வையுங்கள். கட்டி பெரிதாக இருந்தால் கத்தியால் பாதியாக நறுக்கி, ஒன்றை மட்டும் குளியலறைக்கு எடுத்துப்போங்கள். மற்றதைக் காகிதத்தில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.