'விவாகரத்து நிபுணர்' என்று போடலாமா? இணையத்தில் வக்கீல்கள் சறுக்கும் இடங்கள்

வேலை பிடிப்பதற்காக வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்யக் கூடாது என்பது வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி. '2008 திருத்தம்தான் இணையதளத்துக்கு அனுமதி தந்துவிட்டதே' என்பார்கள். தந்தது ஒரு பட்டியலுக்கு மட்டும்: பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு விவரம், படிப்பு, நடத்தும் வழக்கு வகை. 'குடும்ப வழக்குகள்' என்று போடலாம். 'விவாகரத்து நிபுணர்', '500 வழக்குகளில் வெற்றி', 'முதல் ஆலோசனை இலவசம்' எதற்கும் அதில் இடமில்லை.

ஜஸ்ட்டயல், சுலேகா போன்ற தளங்களில் விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி இந்திய பார் கவுன்சிலுக்கு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். கேட்காமலே யாராவது பட்டியலில் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். நாளை புகார் வந்தால் காட்ட வேறொன்றும் இருக்காது.

ஜாமீன் கிடைத்ததும் கட்சிக்காரரோடு, அதாவது வழக்கை ஒப்படைத்தவரோடு, நின்று ரீல்ஸ் போடுவது இப்போது சகஜம். தான் நடத்தும் வழக்கு தொடர்பாகப் படம் வெளிவரச் செய்வதை அதே 36-ஆம் விதி பெயர் சொல்லியே தடுக்கிறது. வக்கீல் கவுனும் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையும் மாட்டியபடி தெருவில் எடுத்தால் அது தனித் தவறு. சடங்கு நிகழ்ச்சிகள் தவிர, நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் அவற்றை அணியக் கூடாது.

இவற்றையெல்லாம்விட மோசமானது, கூகுளில் யாரோ ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டினால் கோபத்தில் எழுதும் பதில். 'அவர் ஃபீஸ் பாக்கி, என்னிடம் வேறு கதை சொன்னார்' என்று எழுதிய கணமே கட்சிக்காரரின் ரகசியம் வெளியே போய்விட்டது. வக்காலத்து முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடர்கிறது; பழைய சாட்சியச் சட்டத்தில் 126-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தில் 132-ஆம் பிரிவு. பதில் போட்டே ஆக வேண்டுமென்றால் 'தொழில் கடமை காரணமாக இங்கே விளக்கம் தர இயலாது' என்பதோடு நிறுத்துங்கள். அவர் உங்கள் கட்சிக்காரர் என்றுகூட ஒப்புக்கொள்ள வேண்டாம்.

போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்கின் எஃப்ஐஆரை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள் குழந்தையின் பெயரை மட்டும் அழிக்கிறார்கள். தகப்பன் பெயர், பள்ளி, தெரு அப்படியே கிடக்கும். குழந்தை யாரென்று காட்டிக்கொடுக்கும் எதையும் அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அனுமதிக்காது. தண்டனை ஓராண்டு வரை சிறை. நீங்கள் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எதிர்தரப்பின் கைக்குப் போயிருக்கும்.