யூடோரா என்றால் என்ன? கிரேக்க ஒலியுள்ள பெயரின் வேரைத் தேடும் முறை

பேரன் என்னும் சொல்லே பெயரன், அதாவது பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்தது. ஐயா பெயரைப் பேரனுக்கும் அப்பத்தா பெயரைப் பேத்திக்கும் இடும் வழக்கமுள்ள செட்டிநாட்டு வீடொன்றுக்கு, வெளிநாட்டில் பிறந்த பேத்திக்கு ‘யூடோரா’ என்று பெயர் வைத்திருப்பதாகச் செய்தி வந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பத்தா கேட்பது இயல்பே. (மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடும் வழக்கம் கிரேக்கரிடமும் உண்டு.)

முதலில், பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கேட்டு வாங்குங்கள். கிரேக்கத்தின் காப்பா, காமா, கை என்னும் மூன்று எழுத்துகளுக்கும் தமிழில் ககரம் ஒன்றே நிற்பதால், காதால் கேட்டதைத் தமிழில் எழுதிவைத்துத் தேடினால் வழி தவறும்.

அடுத்து, மெய்யப்பன், மெய்யம்மை என்பவற்றை மெய், அப்பன், அம்மை என்று நாம் பிரிப்பதுபோலப் பெயரைப் பிரியுங்கள். ‘யூ’ என்றால் நன்மை, ‘டோரோன்’ என்றால் கொடை. ஆகவே யூடோரா நற்கொடை. ஹெசியட் என்னும் பழங்கவிஞர் எண்ணிச் சொல்லும் கடல் நங்கையருள் இப்பெயருடையவளும் உண்டு. தியோடோர், டோரோதியா இரண்டுக்கும் கடவுளின் கொடை என்பதே பொருள். உறுப்புகள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. தமிழ் விவிலியத்தின் தெயோப்பிலுவில் தலையிலும் தீமோத்தேயுவில் வாலிலும் நிற்பது ‘தெயோஸ்’ என்னும் அதே கடவுட்சொல்தான்.

இங்கே அவசரம் கூடாது. தெயோஸும் நம் ‘தேவ’ என்பதும் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருந்தாலும் ஒரே வேரிலிருந்து வந்தவையல்ல. ‘தேவ’ என்பதற்கு உறவுடையது கிரேக்கரின் தலைமைக் கடவுளான சீயஸின் பெயரே. சாக்ரடீஸின் மனைவி சாந்திப்பிக்கும் சாந்தத்துக்கும் தொடர்பில்லை (அவரைப் பற்றிய கதைகளைப் படித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்). அது பொன்மஞ்சள், குதிரை என்னும் இரு சொற்களின் கூட்டு; குதிரை வளர்ப்பது செல்வக் குடியின் அடையாளமாக இருந்ததால் பெயரிலும் குதிரையைச் சேர்த்தார்கள். இத்தகைய கூட்டுப்பெயரில் தொடர்ச்சியான பொருளைத் தேட வேண்டியதில்லை.

பிரித்த பின், அது கிரேக்கர் உண்மையிலேயே வைத்துக்கொண்ட பெயர்தானா என்று பார்க்க வேண்டும். கல்வெட்டுகளிலும் நூல்களிலும் வரும் ஆட்பெயர்களை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 1987 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வருகிறார்கள், இணையத்திலும் தேடலாம். அதில் இல்லையென்றால் பெயர் பிற்காலப் படைப்பாக இருக்கக்கூடும். வனெசா அப்படிப்பட்டது. எஸ்தர் வானம்ரி என்னும் தோழியின் குடும்பப்பெயரிலிருந்து ‘வன்’ என்பதையும் எஸ்தரைச் சுருக்கி ‘எசா’ என்பதையும் எடுத்து, ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் கட்டிய பெயர் அது. கிரேக்கத்தில் அதற்கு வண்ணத்துப்பூச்சி என்று பொருள் சொல்லும் பெயர்ப் பட்டியல்களை நம்ப வேண்டாம். வண்ணத்துப்பூச்சிக்குக் கிரேக்கர் வழங்கிய சொல் ‘சைக்கி’, வண்ணத்துப்பூச்சிப் பேரினம் ஒன்றுக்கு வனெசா என்று பெயரிட்டதோ ஸ்விஃப்ட் இறந்து 62 ஆண்டுகள் கழித்து, 1807-இல்.