அரசுப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மதராஸிலிருந்து முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று வந்து சேர்ந்தது. 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொரு வரிசை எண்; எதிரே பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, ஊர். மனிதரை எண்ணால் அழைத்தது கொடுமைதான், அதை மறக்கக் கூடாது. ஆனால் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடும் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் குடும்பங்களுக்கு இன்றும் பிடிமானம் அந்த எண்தான். அரசுக்கு மென்பொருள் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தக் கால அளவை மனத்தில் வைக்க வேண்டும். மென்பொருள் பத்து வருஷத்தில் மாறிவிடும், பிறப்புப் பதிவோ நூறு வருஷம் கழித்தும் தேவைப்படும்.

எண்ணுக்குள் விவரத்தைத் திணிப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த வருஷம், மாதம், தேதி. அடுத்த நான்கு 5000-க்குக் கீழே என்றால் பெண், 5000-உம் அதற்கு மேலும் என்றால் ஆண். 11-ஆவது இலக்கம் 0 என்றால் குடிமகன், 1 என்றால் நிரந்தரக் குடியிருப்பாளர். 12-ஆவது இலக்கம் நிறவெறிக் காலத்தில் இனத்தைக் குறித்தது. அந்தக் குறியீட்டை நீக்க 1980-களில் எண்களையே மாற்ற வேண்டியிருந்தது.

கடைசி இலக்கம் மட்டும் நல்ல யோசனை. மற்ற இலக்கங்களிலிருந்து லூன் என்ற சரிபார்ப்பு முறையில் கணக்கிடுவதால் ஓர் இலக்கம் தவறினாலும் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும், 09-ம் 90-ம் மாறும்போது மட்டும் தப்பிவிடும்.

மற்றதெல்லாம் சிக்கல். நிரந்தரக் குடியிருப்பாளர் குடியுரிமை பெற்றால் எண் மாறும். பதிவில் பாலினத்தைத் திருத்தினாலும் மாறும். வருஷத்துக்கு இரண்டே இலக்கம் என்பதால் 1924-இல் பிறந்த பாட்டியும் 2024-இல் பிறந்த குழந்தையும் ஒரே 24. எண்ணிலிருந்து வயதைக் கணக்கிடும் நிரல், 60 வயதில் கிடைக்க வேண்டிய முதியோர் உதவித்தொகையை நூறு வயதுப் பாட்டிக்கு மறுத்துவிடக் கூடும்.

தரவுத்தளத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் அர்த்தமே இல்லாத ஓர் உள் எண் கொடுங்கள், அது வெளியே போகவே கூடாது. அடையாள எண்ணைத் தனி அட்டவணையில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லுபடியாகும் என்பதோடு வையுங்கள். பழைய எண்ணை அழிக்காதீர்கள். ஓய்வூதியக் கோப்பும் நிலப் பத்திரமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

பெயரைத் 'திருத்துவது'

முதலி என்பது பதிவேடுகளில் மூட்லி, மூடலி, முதலே என்று பலவாறாக இருக்கும். அப்பா பதிவில் ஒன்று, மகள் பதிவில் இன்னொன்று. தட்டச்சு செய்பவர் எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு மாற்றினால் கையில் இருக்கும் சான்றிதழும் கணினியும் ஒத்துப்போகாது. வாரிசுரிமைக்குப் போய் நிற்கும்போதுதான் தெரியவரும். பதிவில் உள்ளபடியே ஒரு புலம் (தரவுத்தளத்தில் ஒரு விவரத்துக்கான கட்டம்), தேடுவதற்கான வடிவம் இன்னொரு புலம், தொகுதி–பக்கம்–வரிசை எண் மூன்றாவது. குடும்பப் பெயரைக் கட்டாயமாக்காதீர்கள். நம் முன்னோர் பலருக்கு ஒரே பெயர்தான்.

தமிழ்ச் சங்கங்கள் தங்கள் பழைய ஏடுகளைத் தட்டச்சு செய்தால் யூனிகோட் மட்டுமே. 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் கோவிந்தனைத் தேடினால் பாதிப் பேர்தான் வருவார்கள். சேமிக்கும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது இப்படிப்பட்ட குறிகளை ஒரே குறியீடாக்கும் யூனிகோட் வடிவுக்கு, மாற்றிவிட வேண்டும்.

பிரதி எடுத்ததோடு நிற்பது

எல்டிஓ என்பது பிரதிகளைச் சேமிக்கும் காந்த நாடா. அதன் ஆறாம் தலைமுறையான எல்டிஓ-6 நாடாவை எட்டாம் தலைமுறையான எல்டிஓ-8 கருவி வாசிக்காது. பெட்டகத்தில் நாடா பத்திரமாக இருக்கும், அதைத் திறக்கும் கருவி இருக்காது. ஆறேழு வருஷத்துக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றும் செலவை முதல் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். அதில் ஒன்றாவது வலையமைப்பிலிருந்து துண்டித்ததாக இருக்கட்டும். காலாண்டுக்கு ஒருமுறை, ஏதாவது 200 பதிவுகளை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, ஷா-256 மதிப்பு (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்புக் குறி) பொருந்துகிறதா என்றும் எத்தனை மணி நேரம் பிடித்தது என்றும் குறியுங்கள்.

உரிமம் புதுப்பிக்கும் தேதிகளும் இதில் சேரும். 2021 செப்டம்பரில் தென்னாப்பிரிக்க நீதித் துறையின் கணினிகளை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் முடக்கியது. வைரஸ் தடுப்பு, ஊடுருவல் கண்காணிப்பு உரிமங்கள் 2020-இலேயே காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாமல் கிடந்தன என்று தகவல் ஒழுங்குமுறை ஆணையம் கண்டறிந்து, 2023 ஜூலையில் 50 லட்சம் ராண்ட் அபராதம் விதித்தது. இது தொழில்நுட்பக் குறை இல்லை. ஒரு தேதியை யார் பார்த்துக்கொள்வது என்று எழுதி வைக்காத குறை.

வெளியேறும் வழி இல்லாத ஒப்பந்தம்

'தரவு அரசுக்குச் சொந்தம்' என்ற ஒரு வரி போதாது. இரண்டாம் வருஷமே முழுத் தரவையும் சிஎஸ்வி கோப்புகளாகவும் (எந்த மென்பொருளும் திறக்கும் எளிய உரை அட்டவணை), புல விளக்க ஏட்டோடும் குறியீட்டு அட்டவணைகளோடும் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதுங்கள். தொடர்பில்லாத இன்னொரு குழு அதை வெற்றுத் தரவுத்தளத்தில் ஏற்றிப் பார்க்கட்டும். அது ஏறினால்தான் அந்த வருஷத்தின் கடைசித் தவணை. இந்த ஒத்திகையில் பெரும்பாலும் விடுபடுவது குறியீட்டு அட்டவணைதான்: 'நிலை' என்ற புலத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு 7 என்று இருக்கும், 7 என்றால் என்ன என்று கோப்பில் எங்கேயும் இருக்காது. நிரலை எழுதியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.