புகையானுக்கு ட்ரோன் ஏத்துறதுக்கு முன்னாடி

பினாங்கில் செபராங் பிறை வடக்கே, பெனாகா பக்கத்து நெல் வயல்களில் ட்ரோன் வைத்து மருந்து அடிப்பது என் பிழைப்பு. அதற்கு முன்னால் பல வருஷம் முதுகுப் பம்போடு இதே வரப்பில் நடந்தவன்தான். அதனால் சொல்கிறேன், ட்ரோன் ஓட்ட ஒரு வாரத்தில் பழகிவிடலாம். நெல் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியைப் பிடிக்கத்தான் குனியணும்.

புகையானை மலாய்க்காரர்கள் பெனா பேராங் என்பார்கள். மேலே இலையில் தேடினால் கிடைக்காது. தூரை ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்தண்டைத் தட்டுங்கள். தண்ணியில் எள்ளு தூவின மாதிரி விழுந்து துள்ளும். பத்து, இருபது தூராவது தட்டி எண்ணணும். கிளைக்கு ஒரு பூச்சி என்றால் அடிக்கலாம். புகையானைத் தின்னும் சிலந்தி தூருக்கு ஒன்றாவது இருந்தால், கிளைக்கு இரண்டு வரை பொறுக்கலாம். சைபர்மெத்ரின் மாதிரி மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் முதலில் சாவது அந்தச் சிலந்திதான். பிறகு புகையான் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

ஒரு ரெலோங், அதாவது முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி, முதுகுப் பம்பில் அடித்தால் நாலைந்து தடவை நிரப்பணும். ட்ரோனில் எனக்கு 8 லிட்டர் போதும், புகையானுக்கு மட்டும் 10. மருந்தின் அளவு அதேதான், தண்ணிதான் குறைவு. ஆக, கலவை பல மடங்கு காட்டம். லேபிளில் அந்தப் பயிருக்கும் பூச்சிக்கும் பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடியைத் திறங்கள். கலக்கும்போது பாதித் தண்ணி முதலில், அடுத்து தூள் வகை, கடைசியில் எண்ணெய் வகை. மாற்றிப் போட்டால் தயிர் மாதிரி திரியும், நாசில் அடைத்துக்கொள்ளும்.

பயிருக்கு மேலே இரண்டு, இரண்டரை மீட்டரில் பறக்க விடுகிறேன். வேகம் விநாடிக்கு 4 மீட்டர். இறக்கைக் காற்று இலையைப் பிரித்து மருந்தைத் தூருக்கு இறக்கணும். இறங்குகிறதா என்று தெரிய, தண்ணி பட்டால் நீலமாகும் மஞ்சள் காகிதம் இருக்கிறது. உச்சி இலையில் ஒன்று, அடித்தண்டில் ஒன்று கிளிப் போட்டு வையுங்கள். மேலே நீலம், கீழே வெறும் மஞ்சள் என்றால் காசு காற்றில் போகிறது. வேகத்தைக் குறையுங்கள். ரொம்பத் தாழ்ந்தாலும் கதிர் சாய்ந்துவிடும்.

நேரம் காலை ஏழரையிலிருந்து பத்துக்குள். மூடுபனி தரையோடு கிடந்தால் காத்திருங்கள், நுண்துளி இறங்காமல் அப்படியே மிதக்கும். ஆன்டெனாவில் ஒரு ரிப்பன் கட்டியிருக்கிறேன். அது படுக்கையாகப் பறக்க ஆரம்பித்தால் அன்றைக்கு வேலை முடிந்தது.

இந்த ரிப்பன் எனக்கு 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) வந்த புத்தி. ஒரு நாள் லாரி தாமதம், பதினொன்றரைக்கு ஆரம்பித்தேன். கடல் காற்று வந்துவிட்டது. இன்னும் ரெண்டே ரெலோங்தானே என்று அடித்தேன். மறுநாள் வரப்போரத்து பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) கூப்பிட்டார். அவருடைய கெலுலுட், அதாவது கொட்டாத சின்னத் தேனீப் பெட்டி வாசலில் கறுப்பாகக் குவியல். "நீ வேணும்னு செய்யலைதான் தம்பி" என்று மலாயில் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்போது தேனீ, மீன் குளம், வீடு எது இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிட்டு, அந்த ஓரத்தை விட்டு விடுகிறேன்.

இங்கே இன்னொன்று, பட்டர்வொர்த் விமானப் படைத்தளம் பக்கம். சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் ஏத்தாதீர்கள்.

தொட்டியை மூன்று தடவை கழுவி, அந்தத் தண்ணியை அடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள். வாய்க்காலில் கொட்ட வேண்டாம்.

புப்ரோஃபெசின் என்ற மருந்தை அடித்திருந்தால் மறுநாளே "அண்ணே, பூச்சி உயிரோடதான் இருக்கு" என்று போன் வரும். வரட்டும். அந்த மருந்து குஞ்சைத் தோல் உரிக்கும்போதுதான் கொல்லும், பெரிய பூச்சியைத் தொடாது. ஐந்தாம் நாள் போய் அதே தூர்களைத் தட்டி எண்ணுங்கள்.