தெரியாத கடற்கரையில் இரண்டு நாள்: தூண்டிலோடு போகிறவர்களுக்கு

வேலை நிமித்தமாக வருடத்துக்கு நாலைந்து முறை ஏதாவது ஒரு கடலோர ஊருக்குப் போகிறேன். தங்குவது இரண்டு ராத்திரி, மிஞ்சினால் மூன்று. வேலை போக எனக்கென்று கிடைப்பது ஒரு சாயங்காலமும் ஒரு விடியற்காலையும். பல ஊர்களில் வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான் அந்தச் சொற்ப நேரத்தைச் செலவழிக்கக் கற்றுக்கொண்டேன்.

போய் இறங்கியதும் ராடை, அதாவது தூண்டில் கம்பை, எடுக்காதீர்கள். அன்றைக்கு வற்றம், அதாவது கடல்நீர் முழுக்க இறங்கி நிற்பது, எத்தனை மணிக்கு என்று ஓத அட்டவணையில் பாருங்கள். அந்த நேரத்துக்குக் கரைக்குப் போய் சும்மா நடங்கள். ஒருமுறை அகலமான அழகான மணற்கரை ஒன்றில் மாலை முழுக்க வீசினேன். ஒரு கடி இல்லை. மறுநாள் காலை தண்ணீர் இறங்கியிருந்தபோது அதே இடத்தைப் பார்த்தேன். நான் வீசிய திசையில் வெகுதூரத்துக்கு முழங்கால் ஆழ மணல்திட்டு. அங்கிருந்து இடப்பக்கம் நாற்பது தப்படி தூரத்தில் கடலுக்குள் ஓடும் ஆழமான வாய்க்கால். மீன் வந்துபோகும் வழி அதுதான். வற்றத்தில் பார்த்ததைப் பின்னால் விளக்குக்கம்பமோ படிக்கட்டோ தெரியும்படி கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். தண்ணீர் ஏறியபின் அந்த அடையாளம் மட்டும்தான் மிஞ்சும்.

வற்ற நேரத்தில் போக முடியாவிட்டால் அலையைப் படியுங்கள். இருபுறமும் அலை வெள்ளையாக உடைய, நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல் கறுத்துத் தெரிந்தால் அங்கே ஆழம். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போவதும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான். தூண்டிலை அதன் விளிம்பில் போடுங்கள், ஆனால் கால் நனைக்கக்கூட அதில் இறங்காதீர்கள்.

அடுத்தது நேரம். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம் உள்ள கடலும் உண்டு, அதனால் அந்தத் துறைமுகத்தின் அட்டவணையைத்தான் நம்ப வேண்டும். தண்ணீர் சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றம் 120 சென்டிமீட்டர் என்றால் முதல் மணியில் 10, அடுத்து 20, பிறகு 30, 30, 20, 10 என்று ஏறும் என்பது பழைய கைக்கணக்கு. அதாவது மூன்றாம், நான்காம் மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் நகர்கிறது. நீர் ஓடினால் சிறுமீன் நிலைகொள்ளாது. சிறுமீன் தடுமாறும் இடத்துக்குப் பெரியது வரும். எனக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அந்த இரண்டு மணியைத்தான் எடுத்துக்கொள்வேன். அது விடியலோடோ அந்தியோடோ சேர்ந்து வந்தால் தூக்கத்தைத் தியாகம் செய்யலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிது, இழுப்பும் அதிகம். நூலில் எடைக்குக் கட்டும் ஈயம் நிற்காது, கூடுதல் எடை வேண்டும்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு துண்டாகக் கழலும் 9 அடி ராடு, 4000 அளவு ரீல், 20 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நூல்), நுனியில் இரு கை விரித்த நீளத்துக்கு 25 பவுண்டு தங்கூசி (நைலான் நரம்பு). 20 முதல் 30 கிராம் வரை மூன்று உலோக ஜிக் (மீன்போல மினுங்கும் செயற்கை இரை), கொஞ்சம் ரப்பர் மீன், தூண்டில் முள், ஈயம், ஒரு குறடு. விமானத்தில் போவதாக இருந்தால் முள்ளும் குறடும் கத்தியும் சரக்குப் பெட்டிக்குள் போகட்டும். போலரைஸ்டு கண்ணாடியை மட்டும் மறக்காதீர்கள். அது கண்ணில் இருந்தால் தண்ணீருக்கு அடியில் பாறையும் மணலும் பிரிந்து தெரியும்.

கிளம்பும் முன்பே உரிமத்தை விசாரியுங்கள். கடலுக்குள் நீளும் மரப்பாலத்தில் நின்றால் உரிமம் வேண்டாம், பக்கத்து மணலில் இறங்கினால் வேண்டும் என்று விதி உள்ள கரைகளும் உண்டு. எந்த மீனை எந்த அளவுக்குக் கீழே விட்டுவிட வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கும்.

கரையில் ஏற்கெனவே தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவரைவிட நல்ல அட்டவணை கிடையாது. உடனே பக்கத்தில் போய் வீசிவிடக் கூடாது, அது அவர் இடம். சற்றுத் தள்ளி நின்று, எவ்வளவு எடை கட்டியிருக்கிறார், என்ன இரை, எத்தனை தூரம் போடுகிறார் என்று பாருங்கள். ஒரு மீன் ஏறியதும் வாழ்த்திவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். பாஷை தெரியாத ஓர் ஊரில்கூட, கையிலிருந்த ஜிக்கை நான் காட்ட, கரையில் நின்ற பெரியவர் ஒருவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு இரண்டு இறாலை என் உள்ளங்கையில் வைத்தார். அன்றைக்கு மீன் ஏறியது அந்த இறாலுக்குத்தான்.

இருட்டிய பிறகு விளக்கு உள்ள பாலம் கிடைத்தால் விடாதீர்கள். வெளிச்ச வட்டத்தில் பொடிமீன் சுற்றும். பெரியது நிழலில் நின்றுகொண்டு வெளிச்சத்தைப் பார்த்தபடி இருக்கும். வட்டத்துக்கு நடுவே போடுவதைவிட, இருட்டும் வெளிச்சமும் சேரும் கோட்டை ஒட்டி இழுத்து வாருங்கள். உயரமான பாலமானால் மீனை எப்படி மேலே தூக்குவது என்று முதலிலேயே யோசித்து வையுங்கள். தங்கூசியைப் பிடித்துத் தூக்கினால் பாதி வழியில் அறுந்துபோகும். முள்ளை வாயில் வாங்கியபடி அந்த மீன் தண்ணீருக்குள் போவதைப் பார்க்க மனசு ஆறாது.

பாறைகளுக்கும் அலைதடுப்புச் சுவர்களுக்கும் வருகிறேன். இதில் நான் கண்டிப்பானவன். ஏறுவதற்கு முன் இருபது நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் நெடுநேரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நம்பி ஒரு முறை கீழ்ப் பாறைக்கு இறங்கி, இடுப்புவரை வந்த அலையில் ராடை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கல்லைக் கட்டிக்கொண்டேன். கறுத்து ஈரமாக இருக்கும் கல்மேல் அலை ஏறி வந்திருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த கல்லோடு நின்றுவிடுங்கள். கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். தனியாகப் போகிறீர்கள் என்றால் திரும்பும் நேரத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

பெயர் தெரியாத மீனை வெறுங்கையால் தொடாதீர்கள். கெளுத்திக்கு முதுகிலும் இரு பக்கத் துடுப்பிலும் முள், திருக்கைக்கு வாலில். குத்தினால் பொறுக்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் கையை அமிழ்த்திவைத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வழி பாருங்கள். உப்பிக்கொள்ளும் பேத்தை மீனைக் கடலுக்கே விட்டுவிடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது.

கடைசி நாள் ராத்திரி அறைக்கு வந்ததும் ராடைத் துண்டு துண்டாகக் கழற்றிக் குளியலறையில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ரீலில் நூலின் இழுவையைக் கட்டுப்படுத்தும் திருகை இறுக்கிவிட்டு மேலே லேசாகத் தண்ணீர் ஓடவிட்டால் போதும், பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். பிறகு திருகைத் தளர்த்தி, முட்களை ஒரு துண்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். காலையில் பெட்டி கட்டுவதற்குள் காய்ந்திருக்கும்.