ஆயில் பெயிண்ட் காயாம இருந்ததுக்கு காரணம் கிராம்பு மூட்டை

தோவாளை சந்தையில வாங்கின பிச்சி, சிவப்பு அரளி, கோழிக்கொண்டை எல்லாம் பித்தளை கிண்டியில வச்சு ஒரு ஆயில் பெயிண்டிங், தெரிஞ்ச அக்கா அவங்க அம்மாவுக்கு கிஃப்டா கொடுக்க கேட்டது. வரைஞ்சு முடிச்சாச்சு, ஆனா விரல் வச்சா ஒட்டுது, வெள்ளைப் பூ மட்டும்னா டைட்டானியம் ஒயிட் மெதுவாதான் காயும்னு விட்டிருப்பேன், சீக்கிரமே காயுற பர்ன்ட் அம்பர்ங்கிற பழுப்பு கலர் கூட அப்படியே ஈரமா இருக்கு.

மழை ஈரம்னு நினைச்சு ஃபேன் போட்டேன், பெயிண்ட்ல கலக்குற லின்சீட் ஆயில் பாட்டில மாத்தி வேற துண்டுல தடவிப் பார்த்தேன், அதுவும் காயல.

அப்புறம்தான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அதே ட்யூப்ல கலர் பார்க்க தடவின அட்டைத் துண்டு முன்னாடி திண்ணையில கிடந்துச்சு, அது நல்லா காஞ்சிருக்கு! அப்போ பிரச்சினை பெயிண்ட்ல இல்ல, ரூம்ல. மூலையில கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலையில இருந்து மாமா கொண்டு வந்த கிராம்பு மூட்டை, வாசனை மூக்கத் துளைக்கும்.

ஆயில் பெயிண்ட் தண்ணி மாதிரி ஆவியாகி காயாது, காத்துல உள்ள ஆக்சிஜன பிடிச்சுதான் இறுகும், கிராம்பு எண்ணெயில இருக்க யூஜினால்ங்கிற பொருள் அத தடுத்திரும். பேலட்ல, அதாவது கலர் கலக்குற பலகையில, பெயிண்ட் காயாம இருக்க மூடின டப்பாவுக்குள்ள பஞ்சுல கிராம்பு எண்ணெய் விட்டு வைக்கிற ஓவியர்களே உண்டு. 2021ல புவிசார் குறியீடு வாங்கின கன்னியாகுமரி கிராம்பு வேற, எண்ணெய்ச் சத்துக்கு கேக்கவா வேணும்.

படத்த முன் ரூமுக்கு மாத்தி ஜன்னல திறந்து வச்சேன், முதல்ல அம்பர் இறுகிச்சு, பிறகு அரளி, கடைசியா பிச்சி. வார்னிஷ் மட்டும் ஆறு மாசம் கழிச்சு அடிச்சுத் தரேன்னு அக்காகிட்ட சொல்லி கொடுத்திருக்கேன்.